பீக்கோஸ் தெ யூரோப்பாவா, சியெரா நெவாடாவா?

ஸ்பெயினில் மலை நடையும் புகைப்படம் எடுப்பதும் ஒருசேர விரும்புவோர், வடக்கேயுள்ள பீக்கோஸ் தெ யூரோப்பா மலைத்தொடருக்கும் தெற்கே கிரனாடா நகரை ஒட்டிய சியெரா நெவாடா மலைத்தொடருக்கும் இடையே தடுமாறுவது இயல்பு.

உயரம்: பீக்கோஸின் உச்சியான தோரே செரேதோ ஏறத்தாழ 2,650 மீட்டர், நெவாடாவின் முலசென் 3,479 மீட்டர், ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயர்ந்தது.

நடை: பீக்கோஸில் காரெஸ் பள்ளத்தாக்குப் பாதை ஒரு வழிக்குச் சுமார் 12 கிலோமீட்டர், முலசென் ஏறுவோருக்குக் கோடையில் கபிலெய்ரா ஊரிலிருந்து செல்லும் சிற்றுந்து நடைத் தொலைவைப் பெரிதும் குறைத்துவிடும், ஆயினும் காற்றின் அடர்த்திக் குறைவு மூச்சு வாங்கச் செய்யும்.

ஒளியில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. கடலுக்கு மிக அருகில் இருப்பதால் பீக்கோஸில் மூடுபனி அடிக்கடி ஏறிவரும். ஃபுவெந்தே தே கம்பிவட ஊர்தியில் மேலே போனால் சில காலைகளில் மேகம் காலடியில் கிடக்கும், வெளிர்ந்த சுண்ணாம்புப் பாறையான உரியேயு சிகரம் அந்தியில் செம்மஞ்சளாக மாறும். நெவாடாவின் கரும்பாறைச் சரிவுகளோ தெளிந்த வானத்தின் கீழ் நண்பகலில் தட்டையாகத் தெரிவதால், அங்கே விடியலுக்கு முன்பே எழுவது அவசியம். ஆனால் ஐபீரிய மலையாடுகள் அருகில் நின்று படத்துக்கு இடம் கொடுக்கும்.

இலையுதிர்காலத்தில் பீச் மரக்காடுகள் பொன்னிறமாகும் பீக்கோஸையே தேர்ந்தெடுங்கள். பனிக்காலத்தில், கிரனாடாவின் அல்ஹம்பிரா அரண்மனைக்குப் பின்னே வெண்சிகரங்கள் நிற்கும் காட்சிக்காக நெவாடா. இரண்டிலும் பனிக்கால உச்சிக்கு காலணியில் மாட்டும் முள்பட்டையும் பனிக்கோடரியும் இன்றி ஏறாதீர்கள்.