இலையுதிர்காலப் பின்னல் சவால்கள்: எதில் சேரலாம், சேரும் முன் என்ன கணக்குப் போட வேண்டும்

அக்டோபர் நெருங்கினால் பின்னல் குழுக்களில், குறித்த நாளுக்குள் பலரும் சேர்ந்து பின்னி முடிக்கும் சவால்கள் வரிசைகட்டி நிற்கும். குளிருக்குள் உடுப்பு தயாராக வேண்டும். மடியில் கம்பளியைப் பரப்பி உட்கார இதமான பருவமும் அதுதான். காலுறைக்கு அக்டோபர் மாதச் 'சாக்டோபர்', ஸ்வெட்டருக்கு நவம்பர் மாத 'நாக்னிஸ்வேமோ', கூடவே ஸ்டீபன் வெஸ்ட் போன்ற வடிவமைப்பாளர்கள் நடத்தும் மர்மச் சால்வைகள். மூன்றுமே சேரத் தகுந்தவை. ஆனால் அவை கேட்கும் உழைப்பு ஒரே அளவல்ல. பாதியில் நின்றுபோகும் பின்னல்கள் பெரும்பாலும் வேகம் போதாமல் நிற்பதில்லை, கண்ணிக் கணக்கை (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) முன்பே பார்க்காததால்தான் நிற்கின்றன.

முதன்முறை சேருபவர்களுக்குச் சாக்டோபரைத் தயங்காமல் சொல்லலாம். 100 கிராமில் சுமார் 400 மீட்டர் ஓடும் காலுறை நூல் (75% கம்பளி, 25% நைலான் கலந்தது நன்றாக உழைக்கும்), 2.25 அல்லது 2.5 மி.மீ. ஊசி, சுற்றுக்கு 64 கண்ணி. நடுத்தர அளவுக் காலுறை ஒன்று ஏறத்தாழ 10,000 கண்ணி வரும். ஜோடிக்கு 20,000 என்றால் நாளுக்கு 650 கண்ணி போதும். நிமிடத்துக்கு 25 கண்ணி போடும் கைக்கு இது அரை மணி நேர வேலை.

இங்கே சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, முதல் காலுறை முடிந்ததும் இரண்டாவதைத் தொட மனம் வராமல் போவது. நூலை எடைபோட்டு 50 கிராம் வீதம் இரண்டாகப் பிரித்து, நீளமான வட்ட ஊசியில் இரண்டையும் சேர்த்தே பின்னினால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று குதிகால். 32 கண்ணியில் 32 வரிசை பின்னி, ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் அப்படியே மறு ஊசிக்கு மாற்றினால் ஓரத்தில் 16 சங்கிலிக் கண்ணிகள் கிடைக்கும். குதிகாலின் இரு ஓரத்திலும் அந்த 16-ஐ மட்டும் ஊசியில் எடுத்தால் மூலையில் ஓட்டை விழும். பதினேழாவதாக மூலையிலிருந்து ஒன்றை எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து முறுக்கிப் பின்னுங்கள், ஓட்டை அடைபட்டுவிடும்.

மர்மச் சால்வை வேறு ரகம். முழு வடிவம் தெரியாது. குறிப்புகள் வாரம் ஒரு பகுதியாக வரும். மூன்றில் அதிக மகிழ்ச்சி தருவது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கழுத்தின் நடுவிலிருந்து தொடங்கும் முக்கோணச் சால்வையில் இரண்டு வரிசைக்கு 4 கண்ணி கூடுவதாக வைத்துக்கொள்வோம். 100-ஆவது வரிசையில் 200 கண்ணி, 200-ஆவது வரிசையில் 400 கண்ணி இருக்கும். மொத்த வரிசைகளில் பாதி முடிந்தபோது முடிந்தது மொத்தக் கண்ணிகளில் கால் பங்குதான். நூலும் கால் பங்குதான் செலவாகியிருக்கும். முதல் வாரப் பகுதியை இரண்டே நாளில் முடித்தவர் கடைசி வாரம் திணறுவது இதனால்தான். கடைசி வாரத்துக்கு மட்டும் இரட்டிப்பு நேரம் ஒதுக்கி வையுங்கள். ஊசியும் 100 செ.மீ. வட்ட ஊசியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் 400 கண்ணி நெருக்கியடித்து நழுவும்.

நிறத் தேர்வில் பலரும் சறுக்குவது, நிறம் வேறாக இருந்தால் போதும் என்று நினைப்பதில். நூல்களைப் பக்கத்தில் வைத்துக் கறுப்பு-வெள்ளையில் படமெடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பின்னலின் கோலம் எடுபடாது. அடர் சிவப்பு, அடர் நீலம் இருந்தால் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். சாயம் ஒட்டினால் வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு பகுதி முடிவிலும் வழவழப்பான பருத்தி நூல் ஒன்றை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்துவிட வேண்டும். பிரிக்க நேர்ந்தால் அந்த வரிசையில் நின்றுவிடும். மார்க்கருக்குள் (இடம் குறிக்க ஊசியில் மாட்டும் வளையம்) அந்த நூல் போகக் கூடாது, போனால் மார்க்கரும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். புதிய பகுதி வந்ததும் பாயாமல் ஒரு நாள் பொறுப்பது நல்லது. குறிப்பில் பிழை இருந்தால் முதலில் பின்னியவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள், திருத்தமும் வந்திருக்கும். நூல் தீரும் நிலையில் ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் உருண்டையை எடைபோடுங்கள். கண்ணி மூட (கடைசி வரிசை அவிழாமல் முடிக்க), அந்த வித்தியாசத்தைப் போல இரண்டு பங்காவது மிச்சம் வேண்டும்.

நாக்னிஸ்வேமோ, நவம்பரில் 50,000 சொல்லில் நாவல் எழுதும் சவாலைப் பார்த்துப் பிறந்தது: 30 நாளில் 50,000 கண்ணியில் ஒரு ஸ்வெட்டர். நாளுக்கு 1,667 கண்ணி, அதாவது தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏற்கெனவே ஒரு ஸ்வெட்டராவது முடித்தவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்க முடியும்.

10 செ.மீ.க்கு 18 கண்ணி வரும் நூலில், 100 செ.மீ. மார்புச் சுற்றளவுக்கு 180 கண்ணி வேண்டும். கை இறுகி 20 விழுந்தால் அதே 180 கண்ணி 90 செ.மீ.தான் தரும், உடுப்பு ஏறாது. எனவே மாதிரித் துண்டை அக்டோபரிலேயே போட்டுவிடுங்கள்: 15 செ.மீ. சதுரம், துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளக்க வேண்டும். சூப்பர்வாஷ் கம்பளி (இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்தியது) நனைந்ததும் தளர்ந்து நீளும், துவைக்காத அளவு பொய் சொல்லும். ஸ்வெட்டரைச் சுற்றாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரியையும் சுற்றாகவே பின்னுங்கள். தட்டையாகப் பின்னும்போது வரும் பர்ல் (மறுபக்கக் கண்ணி) வரிசையில் பலருக்குக் கை தளர்வதால் அளவு மாறும். கையால் சாயமிட்ட நூலில் சிட்டத்துக்குச் சிட்டம் நிறம் லேசாக மாறும், இரண்டு வரிசைக்கு ஒருமுறை இரண்டு சிட்டங்களை மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு தெரியாது.

மேலே சொன்ன அளவில் தோள்பகுதி சுமார் 12,000, உடல் 17,000, இரண்டு கைகளும் சேர்ந்து 13,000 கண்ணி. உடல் முடிந்ததும் வேலையே முடிந்தாற்போலத் தோன்றும், ஆனால் கைகளுக்கு இன்னும் எட்டு நாள் ஆகும். கூட்டினால் 42,000தான் வருகிறது. 50,000-ஐ எட்ட மெல்லிய நூலோ பெரிய அளவோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

சேரும் முன் குழுவின் விதிகளில் இரண்டை மட்டும் பாருங்கள். ஏற்கெனவே தொடங்கிய பின்னல் செல்லுமா? 'முடிந்தது' என்பது கண்ணி மூடியதையா, நூல் நுனிகளைச் செருகித் துவைத்துக் காயவைத்ததையா? பின்னதாக இருந்தால் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே பின்னி முடிக்கப் பாருங்கள். துண்டில் பரப்பிய கம்பளி ஸ்வெட்டர் குளிர்ந்த வானிலையில் காய இரண்டு மூன்று நாளாகும், அக்குள் பகுதி கடைசியாகத்தான் உலரும்.