பித்தளை அச்சு என்று நம்பி வாங்கிய பாஸ்தா அட்டாச்மென்ட்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்சரில் மாட்டி மக்ரோனி, ரிகட்டோனி (பெரிய குழல் வடிவப் பாஸ்தா) பிழிகிற அட்டாச்மென்ட்டைக் குறைந்த விலைக்குத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு அட்டாச்மென்ட்டுக்கு 6,400 ரூபாயும் மிக்சர் ரிப்பேருக்கு 3,200 ரூபாயும் போனது. அது போக, தப்பு என் கையில்தான் என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டு, பிசைந்த மாவைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தேன். பணத்தைவிட அதுதான் இன்னும் ஆறவில்லை.

மனைவிக்கு மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. அந்த நாட்களில் சமையல் என்னுடையது. மழைக்காலத்தில் மகள் டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு நனைந்து வந்து நிற்பாள். தட்டில் சூடாகப் பாஸ்தா இருந்தால் முகமே மாறிவிடும். தக்காளியும் பூண்டும் சுண்டிய குழம்பு ரிகட்டோனிக் குழலுக்குள் இறங்கி, கடிக்கும்போது வாயில் வர வேண்டும், அவளுக்கு அதுதான் பிடிக்கும். என் அம்மாவுக்குப் பல் சரியில்லை. வீட்டில் செய்த பாஸ்தா மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும் என்பதால் அவருக்கும் அது ஒத்துக்கொண்டது. கையால் உருட்டித் தேய்ப்பதற்கு நேரமில்லை. அதனால்தான் அட்டாச்மென்ட் தேடினேன்.

விளம்பரப் படத்தில் ஆறு அச்சுகள் மஞ்சளாக மின்னின. ‘முழுப் பித்தளை அச்சு, எல்லா மிக்சருக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தது. மிக்சர் கம்பெனியின் சொந்த அட்டாச்மென்ட்டோடு பார்த்தால் பாதி விலைகூட இல்லை. பித்தளை என்ற ஒரு சொல்லுக்காகவே வாங்கினேன். வெண்கலம், பித்தளை அச்சுகளில் பிழிந்த பாஸ்தாவின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், குழம்பு வழுக்கி ஓடாமல் ஒட்டிக்கொள்ளும். இத்தாலியப் பாஸ்தாப் பாக்கெட்டுகளில் வெண்கல அச்சு என்று தனியாகப் போட்டு விற்பதும் அதனால்தான்.

பெட்டி வந்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெட்டி மேல் பெயர் இல்லை, விலை இல்லை, இறக்குமதி செய்தவரின் முகவரி இல்லை, எந்த நாட்டில் செய்தது என்றுகூட இல்லை. வெளிநாட்டில் இருந்து வரும் பொருளின் பெட்டியில் இவை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அன்று எனக்கு அது தெரியாது. மகள் பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள், பிரித்து மாட்டிவிட்டேன்.

முதல் நாள் பிழிந்ததில் மாவோடு சாம்பல் நிறக் கோடுகள் வந்தன. புது மெஷின் என்றால் முதலில் வரும் கொஞ்சத்தை எறிவது வழக்கம்தான் என்று எறிந்தேன். இரண்டாவது நாளும் அதே கோடு. ரிகட்டோனியோ குழலாகவே வரவில்லை. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் தாள் மாதிரி மெலிந்து, நீளவாக்கில் பிளந்து சுருண்டது.

விற்பனையாளருக்குப் படம் அனுப்பினேன். “சார், மாவு தண்ணி ஜாஸ்தி” என்று பதில் வந்தது. தண்ணீரைக் குறைத்தேன். “சார், இப்ப ரொம்ப டிரை” என்றார்கள். மைதா சேர்க்கச் சொன்னார்கள், முட்டை சேர்க்கச் சொன்னார்கள், எண்ணெய் விடச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பதில். நானும் சொன்னதை எல்லாம் செய்து பார்த்தேன். இதற்குள் பொருளைத் திருப்பி அனுப்பும் 10 நாள் கெடு முடிந்துவிட்டது. இதை நன்றாகக் கவனியுங்கள். அவர்கள் தந்த ஒவ்வொரு யோசனையும் எனக்கு இரண்டு மூன்று நாளைத் தின்றது. எட்டாம் நாளிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மாவுப் பதம் எனக்குத் தெரியாததல்ல. 300 கிராம் டூரம் ரவைக்கு (பாஸ்தாவுக்கான கெட்டிக் கோதுமை ரவை) 100 மில்லி தண்ணீர் கணக்கு. சப்பாத்தி மாவு போல உருண்டு வரவே கூடாது. புட்டு மாவுப் பதம்தான். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தேய்த்தால் உதிர வேண்டும். அரை மணி நேரம் மூடி வைத்து, மிக்சர் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக, நெல்லிக்காய் அளவுக்குக் கட்டியாக்கிப் போட வேண்டும். நண்பர் வீட்டில் இருக்கும் அட்டாச்மென்ட்டில் இதே கையால் இதே மாவைப் பிழிந்து ஒரு கிலோ மக்ரோனி செய்திருக்கிறேன். இருந்தும், எதிரில் இருப்பவர் திரும்பத் திரும்ப “மாவு சரியில்லை சார்” என்று சொல்லும்போது நம் கை மேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

கண்டுபிடித்தது அம்மாதான். இந்த மாதிரி மிக்சர் அட்டாச்மென்ட் அச்சுகளில் தண்ணீர் விட வேண்டாம் என்பார்கள். ஒட்டிய மாவைக் காயவிட்டுக் குச்சியால் நோண்டி எடுப்பதுதான் முறை. அம்மாவுக்கு அது தெரியாது. பித்தளை என்று நான் சொன்னதைக் கேட்டு, முறுக்கு அச்சைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். “கண்ணு, இதென்ன பித்தளை? புளி போட்டா பளபளன்னு வரோணும். இது தோலு உரியுது பாரு” என்று கொண்டுவந்து காட்டினார். மஞ்சள் போய் உள்ளே கறுத்த இரும்பு தெரிந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன், கப்பென்று பிடித்துக்கொண்டது. பித்தளையும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டாது. மீதி ஐந்தையும் சோதித்தேன், ஐந்தும் ஒட்டின.

அப்புறம் வெளிச்சத்தில் பிடித்து ரிகட்டோனி அச்சைப் பார்த்தேன். குழல் எப்படி உருவாகிறது என்றால், ஒவ்வொரு துளையின் நடுவிலும் ஒரு முளை நிற்கும். மாவு அதைச் சுற்றிப் பிரிந்து போய், வெளியே வரும் முன் அழுத்தத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். முளை சரியாக நடுவில் இருந்தால்தான் நாலு பக்கமும் ஒரே தடிமன். ஒரு பக்கம் தள்ளி இருந்தால் அகலமான பக்கம் மாவு வேகமாக ஓடும், குழல் வளையும், மெலிந்த பக்கம் பிளக்கும். என் அச்சில் ஒரு முளைகூட நடுவில் இல்லை. எந்த மாவைப் போட்டிருந்தாலும் பிளந்துதான் வந்திருக்கும்.

இத்தோடு நிறுத்தாமல், மக்ரோனி அச்சாவது வேலை செய்யுமா பார்ப்போம் என்று மறுநாள் மாட்டினேன். அது என் தவறு. பாதியில் கருகிய வாசம் வந்து மிக்சர் நின்றுவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் கழற்றிக் காட்டினார். அட்டாச்மென்ட்டின் சதுரத் தண்டு மிக்சரின் முன் துளைக்கு அளவு குறைச்சல். ஆடி ஆடி அதன் மூலைகள் தேய்ந்திருந்தன, உள்ளே பல்சக்கரமும் போயிருந்தது. “மோட்டாரைக் காப்பாத்தத்தானுங்க இந்தச் சக்கரம் முதல்ல உடையற மாதிரி வெச்சிருக்காங்க. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா மோட்டாரே போயிருக்குமுங்க” என்றார். சாம்பல் கோடு மாவைத் தள்ளும் திருகில் இருந்து வந்தது. மெருகு போடாத அலுமினிய வார்ப்பு என்று துணியால் தேய்த்துக் காட்டினார், துணி கறுத்தது. முதல் நாள் எறிந்தது போக மிச்சத்தை என் மகளுக்குக் கொடுத்திருந்தேன். அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ‘கெடு முடிந்தது, பெட்டி பிரித்தது, உபயோகித்தது’ என்று மூன்று காரணம் சொன்னார்கள். இதில் பயந்துவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருளில் குறை இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ விற்பனையாளர் அதைத் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது. பொருளை விற்ற இணையதளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததென்று உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் விளம்பரப் படம், காந்தம் ஒட்டிய வீடியோ, ரிப்பேர் கடை ரசீது மூன்றையும் வைத்து அதிகாரிக்கு எழுதிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்தேன். 19 நாளில் 6,400 ரூபாய் வந்தது. மிக்சர் ரிப்பேர் பணத்தைத் தர முடியாது என்றுவிட்டார்கள். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது என்பதால் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் மிக்சரின் மாடல் எண்ணைச் சொல்லிப் பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். கைக்கு வந்ததும் மாவு பிசைவதற்கு முன் காந்தம் வையுங்கள், திருகை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

நேற்றுத் தேடியபோது அதே படம் வேறு கடைப் பெயரில், 500 ரூபாய் கூடுதல் விலையில் இருந்தது. மரப்பலகை மேல் ஆறு மஞ்சள் அச்சுகள், இடது ஓரத்தில் ஒரு கொத்துத் துளசி இலை, பின்னால் நீல நிறக் கிண்ணம். அந்தப் படத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள்.