உப்புக்காற்றுக்கு அசராத ஷோர் பைன்: பத்து வருடத்துக்கு மேலான அனுபவம்

அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில் தோட்டம் போடுகிற எல்லோருக்கும் முதல் கவலை காற்றுதான். எங்கள் வீட்டின் மேற்குப் பக்கம் ஷோர் பைன் என்ற ஊசியிலை மரங்களை வைத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கடலைப் பார்த்த தோட்டத்துக்கு இதைவிட நல்ல மரத்தை நான் பார்க்கவில்லை.

அலாஸ்காவிலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரை பசிபிக் கரையோரம் தானாக வளரும் மரம். மலைப்பகுதியில் கம்பம்போல் நெட்டையாக நிற்கும் லாட்ஜ்போல் பைனும் இதே இனம்தான். கடலோர வகையோ காற்றுக்கு வளைந்து, குட்டையாக, அடர்ந்து படரும்.

எங்கள் மண் வெறும் மணல். உரம் போட்டதே இல்லை. சத்து கூடினால் கிளைகள் நெடுநெடுவென ஓடி அடர்த்தி போய்விடும். இங்கே கோடையில் மழை குறைவு என்பதால் ஆரம்பக் கோடைகளில் தண்ணீர் ஊற்றினோம், அப்புறம் தேவைப்படவில்லை. ஈரம் தேங்கும் நிலத்தையும் தாங்கும், நிழலைத்தான் தாங்காது.

வசந்தத்தில் கிளை நுனிகளில் மெழுகுவத்தி போல வெளிர்ந்த துளிர்கள் நிமிரும். ஊசி விரியும் முன் அவற்றைக் கையாலேயே பாதிக்கு ஒடித்துவிடுவேன். விரலில் ஒட்டும் பிசின் சமையல் எண்ணெய் தேய்த்தால் போய்விடும். இந்த ஒரு வேலையால்தான் எங்கள் மரங்கள் உயரம் அடங்கி, அந்தப் பக்கம் தெரியாத அளவுக்கு அடர்ந்திருக்கின்றன. ஊசி இல்லாத பழைய கட்டையில் மறுபடி துளிர்க்காது. அதனால் வேலிச்செடியை வெட்டுவதுபோல் கத்தரி போடவே வேண்டாம்.

ஒரு கோடையில், வேலையாட்கள் எங்களைக் கேட்காமலே சாலைப்பக்கக் கிளைகளை வெட்டிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்த மாதங்களில் வெட்டுக்காயத்தைச் சுற்றி அழுக்கு வெள்ளையில் பிசின் உருண்டைகள். உள்ளே செக்கோயா பிசின் அந்துப்பூச்சியின் புழு. கத்தியால் சுரண்டிப் புழுவை எடுத்துப்போட்டேன். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பூச்சி புதுக்காயத்தைத் தேடித்தான் வரும். பெரிய வெட்டு எதுவானாலும் இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலோ குளிர்காலத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலத்தில் உட்பக்க ஊசிகள் மஞ்சளானால் பதற வேண்டாம், அவை வயதான ஊசிகள். நுனி ஊசிகள் பழுத்தால்தான் கவனிக்க வேண்டும். காய்கள் முற்றினால் கிராஸ்பில் குருவிகள் வரும். குறுக்காகப் பின்னிய அலகால் செதிலை நெம்பி விதையை உருவுவதைப் பார்க்கவே ஒரு மரம் வைக்கலாம்.

கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே மட்டும் வேண்டாம், பிசின் சொட்டும். வாங்கும்போது சின்னக் கன்றாகப் பாருங்கள். தொட்டிக்குள் வேர் சுருண்டுபோன பெரிய மரம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் புயல்காற்றில் சாய்ந்துவிடும்.