ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்துக்கு மாற்று பேட்டரி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1.4 மீட்டர் இறக்கை நீளமுள்ள, மேலிறக்கை வகைப் பயிற்சி விமானம் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பறக்கவிட்டு வருகிறேன். அதனுடன் வந்த 3எஸ் (மூன்று செல்கள் தொடராக இணைந்தது) 2200 மில்லி ஆம்பியர் மணி லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஓய்ந்த பிறகு நான்கு மாற்று பேட்டரிகள் வாங்கியிருக்கிறேன். அவற்றுள் முதல் இரண்டும் எனக்கு ஏமாற்றம் அளித்தன. பின்னால் வாங்கிய இரண்டும் இன்றுவரை நன்றாக உழைக்கின்றன. முதலில் வாங்கியபோது மேலுறையில் பெரிதாக அச்சிட்டிருந்த எண்களை நம்பினேன். பிறகுதான் பேட்டரியின் எடையையும், மின்னோட்டத்துக்கு அது உள்ளேயே தரும் எதிர்ப்பான அகமின்தடையையும் பார்த்து வாங்கப் பழகினேன்.

விமானத்துடன் வந்த பேட்டரி கெட்டதற்கு நானே காரணம். காற்று அடங்காத வாரங்கள் தொடர்ந்து வந்ததால், பறப்பதற்காக முழுமையாக ஏற்றி வைத்திருந்த அதை ஏறக்குறைய இரண்டு மாதம் அப்படியே விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது, தட்டையாக இருந்த பக்கங்கள் லேசாக உப்பியிருந்தன. விரலால் அழுத்தினால் தலையணை உறையைத் தொடுவதுபோல் உள்ளே மெத்தென்று அமுங்கியது. செல்லுக்கு 4.2 வோல்ட் என்ற முழு ஏற்றத்தில் நீண்ட நாள் இருந்தால், உள்ளிருக்கும் மின்பகுபொருள் சிதைந்து வாயுவை வெளியிடும். அந்த வாயுதான் உறையை உப்ப வைக்கிறது. அடுத்த சில நாள்களுக்குள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட் வரையிலான சேமிப்பு நிலையில் வைக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து தவறாமல் கடைப்பிடிக்கிறேன்.

முதல் மாற்று பேட்டரியின் மேலுறையில் 50சி என்று அச்சிட்டிருந்தது. பழையது 25சி. சி என்பது கொள்திறனைப்போல் எத்தனை மடங்கு மின்னோட்டத்தைத் தொடர்ந்து தர முடியும் என்பதைச் சொல்லும் எண். 2200 மில்லி ஆம்பியர் மணிக்கு 25சி என்றால் 55 ஆம்பியர். 50சி என்றால் 110 ஆம்பியர். என் மோட்டார் முழு விசையில் இழுப்பதே 30 ஆம்பியர்தான் என்பதால், இரண்டு மடங்கு வலுவான பேட்டரி கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தேன். ஆனால் அதிலிருந்து வெளிவரும் கம்பிகள் பழைய பேட்டரியின் கம்பிகளைவிடச் சற்றும் தடிமனாக இல்லை என்பதை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

ஐந்தாவது பறப்பில் அதன் உண்மையான வலு தெரிந்தது. தரையிறங்கும் சுற்றில் சற்றுத் தாழ்வாக வந்துவிட்டதால், மறுபடி மேலேற முழு விசை கொடுத்தேன். மோட்டார் ஒரு நொடி விம்மி, நின்றுவிட்டது. இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்கள் இயங்கிக்கொண்டிருந்ததால் விமானத்தை ஓடுதளத்துக்கு முன்னிருந்த புல்வெளியில் சேதமின்றி இறக்க முடிந்தது. மின்னழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) மோட்டாரை நிறுத்திவிட்டு, மீதி மின்சாரத்தை ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் காத்து வைக்கும். என் இஎஸ்சியில் அந்த எல்லை செல்லுக்கு 3.3 வோல்ட், மூன்று செல்லுக்கும் சேர்த்து 9.9 வோல்ட். ஆனால் இறங்கியபின் அளந்தால் செல்லுக்கு 3.72 வோல்ட் காட்டியது. அதாவது பேட்டரியில் இன்னும் மின்சாரம் மீதமிருந்தும், சுமை ஏறியதும் அழுத்தம் சரிந்துவிட்டது.

காரணத்தை என் சார்ஜரே சொன்னது. அகமின்தடையை அளக்கும் வசதி அதில் ஆரம்பம் முதலே இருந்தும் நான் பயன்படுத்தியதில்லை. புதிய பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 14 மில்லி ஓம் காட்டியது. மூன்றும் சேர்ந்தால் 42. அதில் 30 ஆம்பியர் பாய்ந்தால் 1.26 வோல்ட் உள்ளேயே இழக்கப்படும். ஓய்வில் 11.16 வோல்ட் இருந்த பேட்டரி சுமையில் மிகச் சரியாக 9.9 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. மேலுறை சொன்னபடி 110 ஆம்பியர் இழுத்தால் 4.6 வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஏற்பட்டு, 500 வாட்டுக்கும் அதிகமான வெப்பம் உள்ளங்கையளவுப் பொட்டலத்துக்குள் தேங்கும். எந்த லிபோவும் அதைத் தொடர்ந்து தாங்காது. ஆகவே சி எண்ணை விற்பனையாளரின் கூற்றாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து பார்க்கும் மில்லி ஓம்தான் பேட்டரியின் உண்மையான வலுவைக் காட்டும்.

அளப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். குளிர்ந்த பேட்டரி அதிகத் தடையையும் வெதுவெதுப்பான பேட்டரி குறைந்த தடையையும் காட்டும். எனவே முழுமையாக ஏற்றியபின் ஒரு மணி நேரம் அறையிலேயே வைத்து, எப்போதும் அதே சார்ஜரில் அளந்து குறித்து வைக்கிறேன். வேறொருவரின் சார்ஜர் காட்டும் எண்ணோடு ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. நம் பேட்டரியின் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதில்தான் பயன் இருக்கிறது.

இரண்டாவது தவறு கொள்திறன் ஆசையால் நேர்ந்தது. கூடுதல் நேரம் பறக்கலாம் என்று 3000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை வாங்கினேன். பழைய பேட்டரி 185 கிராம். இது 265 கிராம். நீளமும் உயரமும் பெட்டிக்குள் அடங்குகின்றனவா என்று அளந்து பார்த்தேனே தவிர, எடையைப் பற்றி யோசிக்கவில்லை. பழைய பேட்டரியின் நடுப்பகுதி விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் இருந்தது. அதே சமநிலை வேண்டுமானால் புதிய பேட்டரியை 3 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ள வேண்டும். பின்னால் இஎஸ்சியும் அதன் கம்பிகளும் இருந்ததால் 1 சென்டிமீட்டருக்கு மேல் நகரவில்லை. மொத்த எடை 1230 கிராமான விமானத்தின் ஈர்ப்பு மையம் 4 மில்லிமீட்டர் முன்னே போய்விட்டது. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றும்; ஆனால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் குச்சியை வழக்கத்தைவிட அதிகம் இழுக்க வேண்டியிருந்தது, கூடிய எடையால் வேகமும் குறையவில்லை, மூன்றாவது தரையிறக்கத்தில் முன்சக்கரத்தின் கம்பி வளைந்தது. கிடைத்த கூடுதல் நேரமும் எதிர்பார்த்த அளவு இல்லை. பழையதில் ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்த விமானம் இதில் பதினொரு நிமிடம் பறந்தது. கூடுதல் எடையைத் தூக்கவே ஒரு பங்கு மின்சாரம் செலவாகிவிட்டது. அவ்வளவு நேரம் பறக்க வேண்டுமென்றால் இரண்டு 2200 பேட்டரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

4எஸ் போடலாமா என்றும் ஒரு கட்டத்தில் நினைத்தேன். ப்ரொப்பெல்லரை மாற்றாமல் செல்லை மட்டும் கூட்டினால், மின்னோட்டம் ஏறக்குறைய அழுத்தத்தின் வர்க்க விகிதத்திலும் திறன் கன விகிதத்திலும் உயரும். மூன்றிலிருந்து நான்கு செல் என்றால் 30 ஆம்பியர் 53 ஆம்பியரை எட்டும். 40 ஆம்பியர் இஎஸ்சி அதைத் தாங்காது. மாற்று பேட்டரி என்றால் செல் எண்ணிக்கை பழையபடியே இருக்க வேண்டும். மாற்ற விரும்பினால் ப்ரொப்பெல்லர், மோட்டார், இஎஸ்சி மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, வாட் மீட்டரில் தரையிலேயே சோதிக்க வேண்டும்.

மூன்றாவது முறை ஒரே வகையில் இரண்டு பேட்டரிகள் வாங்கினேன்: 3எஸ், 2200, 30சி, ஒவ்வொன்றும் 188 கிராம். கைக்கு வந்த நாளிலேயே அளந்ததில் செல்லுக்கு 5 மில்லி ஓம் காட்டின. மூன்று செல்களுக்கிடையே வேறுபாடும் ஒரு மில்லி ஓமுக்குள் இருந்தது. 30 ஆம்பியரில் இழப்பு 0.45 வோல்ட் மட்டுமே. மேலுறையில் 50சி போட்டிருந்ததைவிட இந்த 30சி பேட்டரியில் விமானம் வேகமாக மேலேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இவற்றில் வந்த இணைப்பு என் விமானத்தின் எக்ஸ்டி60 இணைப்போடு பொருந்தவில்லை. மாற்றிப் பற்றவைக்கும்போது சிவப்புக் கம்பியை மட்டும் முதலில் வெட்டிப் பற்றவைத்து, வெப்பச் சுருங்கு குழாயால் மூடிய பிறகே கருப்புக் கம்பியைத் தொட்டேன். இரண்டையும் ஒரே வெட்டில் கத்தரித்தால் கத்தரி வழியாகவே குறுக்குச் சுற்று ஏற்பட்டு நெருப்புப் பொறி பறக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படவே கூடாது.

இப்போது என் வழக்கம் இதுதான். ஏற்றுவது 1சி வேகத்தில், அதாவது 2.2 ஆம்பியரில், எப்போதும் சமநிலைக் கம்பியை (எல்லாச் செல்களையும் ஒரே அளவுக்கு ஏற்ற உதவுவது) இணைத்து, நான் அருகிலேயே இருக்கும்போது, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில். பறப்பது ஏழரை நிமிடம். இறங்கிச் சற்று ஓய்ந்தபின் செல்லுக்கு 3.75 வோல்ட் அளவில் இருந்தால் சரி. பறந்து முடித்த பேட்டரி கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் அது தன் வலுவை மீறி உழைக்கிறது என்று பொருள். இவை இரண்டும் வெதுவெதுப்பாக மட்டுமே வருகின்றன.

இரண்டரை ஆண்டில் ஒவ்வொன்றும் 140 பறப்புகளைத் தாண்டிவிட்டது. முதலாவதின் செல்கள் 8, 8, 9 மில்லி ஓம் காட்டுகின்றன. இரண்டாவதில் நடுச் செல் மட்டும் 11க்கு ஏறியிருக்கிறது. ஏற்றும்போதும் மற்ற இரண்டையும்விட அதுவே கடைசியில் 4.2 வோல்ட்டுக்கு வருகிறது. அது 14ஐத் தொடும் நாளில் அந்தப் பேட்டரியைப் பறப்பிலிருந்து விலக்கி, சர்வோ சோதனைக்கும் மேசை வேலைக்கும் வைத்துக்கொள்வேன். உப்பிய பழைய பேட்டரியையும் உழைப்புக் குறைந்த 50சி பேட்டரியையும் முழுமையாக வெறுமையாக்கி, முனைகளைத் தனித்தனியே நாடாவால் மூடி, மின்கழிவு சேகரிப்பிடத்தில் ஒப்படைத்துவிட்டேன்.