வெயிட் வெஸ்ட்டா, முதுகுப் பையா? நான் பை கட்சி

இந்திய ஆர்மில சோல்ஜரா சேர ஓடுற 1.6 கிமீ வெறும் உடம்போட தான். உள்ள போனப்புறம் ரைஃபிள், பேக் எல்லாத்தையும் தூக்கிட்டு ஓடணும், நடக்கணும். அதுக்கு இப்பவே பழகணும்னு நினைக்கிறவங்க வெயிட் வெஸ்ட் (பாரம் வச்சு தச்ச மேல்சட்டை) வாங்கறதா இல்ல பைல மணல் மூட்டைய போட்டு நடக்கறதானு குழம்புறாங்க. ரெண்டையும் மாட்டிப் பாத்துட்டு நான் வெஸ்ட்ட வித்துட்டேன்.

வெஸ்ட் மோசம்னு இல்ல. பாரம் முன்னாடியும் பின்னாடியும் சமமா உக்காரும், குனிஞ்சு நடக்க வேண்டாம், புல்அப்ஸ்க்கு, படி ஏறறதுக்கு அருமை. ஆனா நெஞ்ச இறுக்கும், நம்மூரு வெயில்ல வேகும். அத மாட்டிட்டு ரொம்ப தூரம் ஓடினது இல்ல, அதுல என் பேச்ச முழுசா நம்பாதீங்க.

எனக்கு முடிவு பண்ணி குடுத்தது தோள்பட்டை தான். தூரம் கூடக்கூட மூச்சுக்கும் தொடைக்கும் முன்னாடியே பையோட பட்டை அமுக்குற இடம் தான் கெஞ்ச ஆரம்பிக்கும், கழுத்துலேர்ந்து கைக்கு போற நரம்பு நசுங்குனா கை மரத்துப் போயிரும், முத்துனா கைய தூக்கவே முடியாது, ராணுவ டாக்டருங்க இத ரக்சாக் பால்சினு சொல்வாங்க. அதுக்கு தான் இடுப்பு பெல்ட், பாரத்துல பெரும்பங்க இடுப்பெலும்பு வாங்கிக்கும். ஆனா புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட் போட்டுட்டா அந்த பெல்ட் ஒழுங்கா உக்காராது, திரும்ப தோள் தலைல தான் விடியும். எப்ப பட்டைய லூஸ் பண்றது, கனமானத எங்க வைக்கிறது, இதெல்லாம் பை தான் கத்துக்குடுக்கும், வெஸ்ட்ல அதுக்கு வழியே இல்ல.

வண்டி, ஹெலிகாப்டர் இருக்குற காலத்துல எவன் தூக்கிட்டு நடக்கப் போறான்னு கேப்பீங்க. 1982-ல பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதின ஃபாக்லாந்து போர்ல, பிரிட்டனோட அட்லான்டிக் கன்வேயர் கப்பல் அடிவாங்கினதுல, அதுல வந்த சினூக்ங்கற பெரிய ஹெலிகாப்டர்கள்ல ஒண்ணு தான் மிஞ்சுச்சு. அதனால பிரிட்டிஷ் மரைன் படைப்பிரிவான 45 கமாண்டோ ஆளுங்க, கரையிறங்கின சான் கார்லோஸ்லேர்ந்து சுமார் 36 கிலோவ தூக்கிட்டு 3 நாள்ல கிட்டத்தட்ட 90 கிமீ சதுப்புலயே நடந்தாங்க. 2003-ல ஆப்கானிஸ்தான்ல அமெரிக்க காலாட்படை மார்ச் பண்ண பாரம் சராசரி 40 கிலோவுக்கு மேல. இதுல ஒரு பெரிய பங்கு முதுகுல தான் தொங்கும், அப்ப பழகறதும் முதுகுல தான் பழகணும்ங்கறது என் கட்சி.

பைக்கும் குறை இருக்கு. ஆடாம கட்டலனா முதுக தேய்ச்சு தோல உரிச்சிரும், அதோட ஓடுனா முட்டிக்கு கேடு, நான் நடக்க மட்டும் தான் எடுப்பேன். எடுத்த எடுப்புல 20 கிலோ போட்டா கணுக்கால் மேல எலும்புலயும் பாத எலும்புலயும் கீறல் விழலாம், புது ரெக்ரூட்டுங்களுக்கு இது சகஜம். 8, 10 கிலோல ஆரம்பிங்க, வாரம் ஒரு தடவை போதும், மிச்ச நாள் சாதா ஓட்டமும் ஸ்குவாட்டும். மணல ரெண்டு கவர்ல கட்டி துண்டுல சுத்தி முதுக ஒட்டி மேல வைங்க, அடில போட்டா பின்னால இழுக்கும்.