எந்த நீதிபதி எப்போது ஓய்வு பெறுகிறார்: உச்ச நீதிமன்ற இணையதளமும் நீதித் துறையின் மாதப் பட்டியலும்

தில்லித் தமிழர்களில் நீதிமன்றச் செய்திகளை விடாமல் படிப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் குடியிருப்பவர்கள், உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர்களிடம் ஜூனியராகச் சேர்ந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், சட்டம் படிக்கும் மாணவர்கள் எனப் பலருக்கும் ஒரே கேள்விதான் அடிக்கடி எழுகிறது: அடுத்து யார் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு யார் வருவார்? இதற்கு விடை தரும் அரசுச் சேவைகள் இரண்டு உண்டு. ஒன்று, உச்ச நீதிமன்ற இணையதளத்தில் உள்ள நீதிபதிகள் பக்கமும், நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்தின் தீர்மானங்களும். மற்றொன்று, மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித் துறை ஒவ்வொரு மாதத்தின் முதல் நாள் நிலவரப்படி வெளியிடும் காலிப் பணியிடப் பட்டியல். இரண்டையும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நீதிபதிகள் பக்கத்தில் ஒவ்வொருவரின் பெயரோடும் பதவியேற்ற நாளும் ஓய்வு பெறும் நாளும் தரப்பட்டுள்ளன. உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதிலும் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதிலும் ஓய்வு பெற வேண்டும் என்பதால், இந்தத் தேதிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே உறுதியாகிவிடுகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஓய்வு வயதே கிடையாது. அங்கே 2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் காலமானார். அடுத்த மாதமே அதிபரின் தேர்வான ஏமி கோனி பாரெட் அந்த இடத்தில் அமர்ந்தார். அந்த ஒரே ஆள் மாற்றத்தில் நீதிமன்றத்தில் பழமைவாதிகளின் பெரும்பான்மை 5–4இல் இருந்து 6–3 ஆகியது. நம் நாட்டில் மரணமோ ராஜினாமாவோ நேர்ந்தால் ஒழிய அப்படி எதிர்பாராத காலியிடம் தோன்றுவதில்லை. ஆகவே நீதிமன்றத்தின் வருங்கால அமைப்பை முன்கூட்டியே கணிக்க இந்தப் பக்கத்தைவிட நல்ல கருவி இல்லை என்பேன்.

அந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை அறிய 2023 மே 16 தேதியிட்ட கொலீஜியத் தீர்மானத்தை எல்லோரும் ஒரு முறை படிக்க வேண்டும். பொள்ளாச்சியைச் சேர்ந்த, தில்லியில் தொழில் நடத்திய மூத்த வழக்கறிஞர் கே.வி. விஸ்வநாதனை நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கப் பரிந்துரைத்த தீர்மானம் அது. 34 இடங்களில் 32 பேரே பணியில் இருக்கிறார்கள், ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் மேலும் நான்கு இடங்கள் காலியாகும் என்று கூறும் அந்த ஆவணம், 2030 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஜே.பி. பர்திவாலா ஓய்வு பெற்றதும் விஸ்வநாதன் தலைமை நீதிபதியாகும் வரிசையில் இருப்பார், 2031 மே 25 வரை அப்பதவியில் நீடிப்பார் என்பதையும் வெளிப்படையாகப் பதிவு செய்திருக்கிறது. ஏழாண்டுகளுக்குப் பின் தலைமை நீதிபதி யார் என்பது ஒரே நாளில் எழுதப்பட்ட சில பக்கங்களில் தீர்மானமாகிறது. பரிந்துரை வந்த மூன்றாம் நாளே, மே 19 அன்று, அவர் பதவியேற்றார். பணியில் மூத்தவரே தலைமை நீதிபதியாகும் மூப்பு வரிசை வெறும் கணக்குதான் என்றாலும் அதன் விளைவுகள் சாதாரணமானவை அல்ல: நீதிபதி பி.வி. நாகரத்னா 2027 இல் தலைமை நீதிபதியாகும்போது அவருக்குக் கிடைக்கப்போவது 36 நாட்கள் மட்டுமே.

இத்தகைய தீர்மானங்கள் மக்கள் பார்வைக்கு வந்ததே 2017 அக்டோபருக்குப் பிறகுதான். முதலில் வெளியானவற்றில் சென்னை, கேரள உயர் நீதிமன்றங்களுக்கான பரிந்துரைகளும் இருந்தன என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஆனால் இச்சேவையின் தரம் சீராக இல்லை. சில காலம் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் எழுதினார்கள். பின்னர் பெயர்ப் பட்டியலை மட்டும் ஒரு பக்க அறிக்கையாக வெளியிட்டார்கள். 2022 இறுதிக்குப் பின் மீண்டும் விரிவாக எழுதினார்கள். இப்போது மறுபடியும் சுருங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் இருவரைப் பரிந்துரைத்தபோது கொலீஜியத்தில் ஒருவர் மாற்றுக் கருத்து தெரிவித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இணையதளத்தில் வந்த அறிக்கையில் அது பற்றி ஒரு சொல்லும் இல்லை. தீர்ப்பில் மாறுபட்ட கருத்தை மதித்து முழுமையாக அச்சிடும் ஒரு நீதிமன்றம், நியமனத்தில் எழும் மாறுபட்ட கருத்தையும் அதே மதிப்போடு வெளியிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 2025 மே மாதம் நியமன நடைமுறை முழுவதையும், அதற்கு முந்தைய இரண்டரை ஆண்டுகளின் பரிந்துரை விவரங்களையும், நீதிபதிகளின் சொத்து விவரங்களையும் ஒரே மூச்சில் வெளியிட்டது பாராட்டத் தக்கது. அந்த வழக்கம் தொடர வேண்டும்.

நீதித் துறையின் மாதப் பட்டியல் இன்னும் எளிமையானது. 25 உயர் நீதிமன்றங்களுக்கும் அனுமதிக்கப்பட்ட இடங்கள், பணியில் உள்ளவர்கள், காலியிடங்கள் ஆகியவற்றை நிரந்தர நீதிபதி, கூடுதல் நீதிபதி என்று பிரித்துத் தருகிறார்கள். சென்னைக்கு 75 இடங்கள், தில்லிக்கு 60. இதோடு தனியே கிடைக்கும் நீதிபதிகள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒவ்வொருவரும் வழக்கறிஞராக இருந்து வந்தவரா, மாவட்ட நீதிபதியாக இருந்து உயர்ந்தவரா என்பது தெரியும். இந்த ஒரு தகவலிலேயே நீதிமன்றத்தின் சமநிலை பற்றிப் பாதி புரிந்துவிடும். மாவட்ட நீதித்துறையில் இருந்து வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டி உயர் நீதிமன்றத்துக்கு வருவதால் விரைவில் ஓய்வு பெறுகிறார்கள். நாற்பத்தைந்து வயதில் வரும் வழக்கறிஞர் பதினேழு ஆண்டுகள் இருக்கிறார், மூப்பில் முன்னே செல்கிறார், பின்னாளில் கொலீஜியத்திலும் அவரே அமர்கிறார். எதிர் வீட்டுச் சட்ட மாணவி, ‘மாமா, அப்படியென்றால் யாரை நியமிக்கிறார்கள் என்பதைவிட எந்த வயதில் நியமிக்கிறார்கள் என்பதுதானே முக்கியம்?’ என்று கேட்டாள். பட்டியலைச் சரியாகப் படித்திருக்கிறாள்.

பெருங்குறை ஒன்று உண்டு. பரிந்துரை கொலீஜியத்தை விட்டு வெளியேறியதும் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை இரண்டு சேவைகளும் சொல்வதில்லை. உயர் நீதிமன்ற நியமனத்தில் அதன் தலைமை நீதிபதி, காலியிடம் உண்டாவதற்கு ஆறு மாதம் முன்பே பெயர்களை அனுப்ப வேண்டும். மாநில அரசு, ஆளுநர், உளவுத் துறை, சட்ட அமைச்சகம், உச்ச நீதிமன்றக் கொலீஜியம் என்று வலம் வந்த பிறகே குடியரசுத் தலைவர் நியமன ஆணையில் கையெழுத்திடுகிறார். மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் காலக்கெடு விதித்தது. அரசு திருப்பி அனுப்பியும் கொலீஜியம் மீண்டும் வலியுறுத்திய பெயரை மூன்று, நான்கு வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும் என்றது. இருந்தும் சென்னைக்கு வலியுறுத்தப்பட்ட ஒரு வழக்கறிஞரின் கோப்பு நகராததைக் கண்டு, அதனால் அவருடைய மூப்பு பறிபோகிறது என்று கொலீஜியமே 2023 மார்ச்சில் கவலையோடு எழுதியது. மறுப்பு என்று எங்கும் சொல்லாமலேயே, தாமதத்தால் மட்டும் ஒரு நீதிமன்றத்தின் வரிசையை மாற்றிவிட முடியும். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்ற ஒரே ஒரு கட்டத்தை மாதப் பட்டியலில் சேர்த்தால், இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

ஓய்வு நாளும் நியமனமும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு 1973 ஏப்ரல் போதும். தலைமை நீதிபதி எஸ்.எம். சிக்ரி ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாள், 24ஆம் தேதி, கேசவானந்த பாரதி வழக்கில், அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 7க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தரப்பில் இருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளையும் தாண்டி ஏ.என். ரே மத்திய அரசால் தலைமை நீதிபதியாக்கப்பட்டார், மூவரும் விலகினார்கள். அந்த அனுபவம்தான் நியமனத்தில் நீதித்துறைக்கே முதன்மை என்று 1993 தீர்ப்பு சொல்வதற்கும், அதற்கு மாற்றாக வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015இல் ரத்து செய்வதற்கும் பின்னணியாக இருந்தது.

பயன்படுத்த விரும்புவோருக்கு: மாதத்தின் முதல் வாரத்தில் காலியிடப் பட்டியலைத் தரவிறக்கிச் சென்ற மாதப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், பிறகு கொலீஜியப் பக்கத்துக்குச் செல்லுங்கள். இடமாற்றங்களைத் தவற விடாதீர்கள். சென்னைத் தலைமை நீதிபதியாக இருந்த வி.கே. தஹில்ரமானியை 2019இல் மேகாலயாவுக்கு மாற்றப் பரிந்துரைத்ததும் அவர் ராஜினாமா செய்ததும், அதே பதவியில் இருந்த சஞ்சீப் பானர்ஜி 2021இல் மேகாலயாவுக்கு மாற்றப்பட்டதும் எண்ணிக்கைப் பட்டியலில் பெரிதாகத் தெரியாது. ஆனால் தலைமை நீதிபதி மாறினால் உயர் நீதிமன்றக் கொலீஜியமே மாறுகிறது, அது பரிந்துரைக்கும் பெயர்களும் மாறுகின்றன. தீர்ப்புகளின் தமிழாக்கம் இணையத்தில் கிடைக்கத் தொடங்கியிருப்பதால், சென்னை உயர் நீதிமன்றம் தொடர்பான தீர்மானங்களையாவது தமிழில் தர வேண்டும் என்று நீதிமன்றப் பதிவாளருக்கு எழுதியிருக்கிறேன். அக்கறை உள்ளவர்கள் நீங்களும் எழுதுங்கள்.