பின்காற்றும் பில்ட்-இன் கேஸ் கிரில்லும்

இரண்டு நாப், ஒரு வால்வு, தீப்பொறி தந்து பற்றவைக்கும் இக்னைட்டரின் வயர் மொத்தமும். மேடைக் கல்லுக்குள் பதித்து வைத்த (பில்ட்-இன்) என் கேஸ் கிரில்லுக்கு இந்த முறை ரிப்பேரில் மாற்றியது இவ்வளவு. போன முறை மாற்றியதும் கிட்டத்தட்ட இதேதான். வேலை முடிந்த கையோடு நண்பர் ஒருவர் கேட்கிறார்: "நீங்க வச்சிருக்கிற அதே மாடல் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடலாமா?" அவர் வீட்டுக்கு வெளியே சமையல் மேடை கட்டிக்கொண்டிருக்கிறார். கல் பதிப்பதற்குள் கிரில்லை முடிவு செய்தாக வேண்டும். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை, அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

36 அங்குலம், நான்கு பர்னர், பின்சுவரில் ஒரு இன்ஃப்ராரெட் பர்னர், எல்பிஜி. மற்ற கணக்கெல்லாம் கம்பெனி தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு: காற்று.

மூடியைச் சாத்திவிட்டால் இந்த வகைக் கிரில்லில் சூடு வெளியேறுவதற்குப் பெரிய வழி ஒன்றுதான். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே பின்பக்கம் முழு அகலத்துக்கும் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். கீழிருந்தும், நாப்கள் இருக்கும் முன்பலகைப் பக்கமிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வரும், பர்னரில் எரியும், சூடேறி மேலே போய் அந்த இடைவெளி வழியாக வெளியேறும். இந்த ஓட்டம் ஒழுங்காக இருக்கும்வரை முன்பலகை சூடாவதில்லை. உள்ளே வருகிற காற்றே வால்வையும் வயரையும் தொட்டுக் குளிர்வித்துக்கொண்டு போகிறது. பின்னாலிருந்து காற்று பலமாக அடித்தால் அந்த ஓட்டமே தலைகீழாகிவிடுகிறது. வெளியேற வேண்டிய சூடு உள்ளுக்குள்ளேயே தள்ளப்பட்டு, முன்பக்கம் எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே வெளியே வரப் பார்க்கும். விறகடுப்பின் புகைபோக்கியில் எதிர்க்காற்று இறங்கினால் புகை முகத்தில் அடிக்குமே, அதே கதைதான். இங்கே புகைக்குப் பதில் சூடு. முகத்துக்குப் பதில் நாப்.

முதலில் தெரிவது நாப்தான். தொட்டால் சுருக்கென்கிறது. அடுத்தது வால்வு. அதற்குள்ளே இருக்கும் கிரீஸ் சூட்டில் காய்ந்துபோய், நாப் திருப்பும்போது வழுக்கிக்கொண்டு வராமல் பிடித்துப் பிடித்து வரும். சிறு தீயில் வைக்க நினைத்தால் நினைத்த இடத்தில் நிற்காது. கடைசியில் இக்னைட்டர். 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் கேட்கும், பர்னர் பற்றாது. ஒரு நாள் இருட்டிய பிறகு, சிலிண்டரை மூடிவிட்டு, பட்டனை அழுத்தியபடி குனிந்து பார்த்தேன். பர்னர் பக்கத்தில் வர வேண்டிய நீலப்பொறி அங்கே இல்லை. முன்பலகைக்குப் பின்னால், வயரின் உறை கருகி வெடித்திருந்த இடத்திலிருந்து நேரே பெட்டியின் உலோகத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது. சர்வீஸுக்கு வந்தவர் அந்த வயரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். லேசாக வளைத்ததுமே உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

சாதாரண கிரில்லாக இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. சக்கரம் வைத்த கிரில்லைக் காற்றுக்கு ஏற்றபடி திருப்பி நிறுத்திக்கொள்ளலாம், ஒரு நிமிட வேலை. பில்ட்-இன் என்பது கல்லோடு கல்லாக உட்கார்ந்துவிடுகிறது. காற்று மாறும், அது மாறாது. என் மேடைக்குப் பின்னால் திறந்த வெளி. மாலையானால் அந்தப் பக்கமிருந்துதான் காற்று வரும், சமைக்கிற நேரமும் அதுதான். விற்ற கடையில் மேடையின் நீளம் கேட்டார்கள், கல்லின் கனம் கேட்டார்கள், சிங்க் வேண்டுமா என்று கேட்டார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையேட்டில் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பின்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கக்கூடாது, முடிந்தவரை காற்று முன்பக்கமிருந்து வரும்படி அமைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கையேடு கிரில்லோடு அதே பெட்டிக்குள் வருகிறது. பெட்டி வந்து இறங்கும்போது மேடை கட்டி முடிந்திருக்கும். ஒரு வீட்டின் மேடை எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற தகவல், மேடை கட்டிய பிறகு கைக்கு வருவது எந்த வகையில் நியாயம்?

உத்தரவாதம் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பர்னருக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம், இக்னைட்டருக்கும் நாபுக்கும் ஒரு வருடம். பர்னருக்கு ஒன்றுமே ஆகாது, ஆகவும் இல்லை. எது கெடுமோ அதற்குத்தான் உத்தரவாதம் குறைவு. ஒரு வருடத்துக்குள் கெட்ட முதல் வயருக்கும் "காற்றால் வந்த சேதம், எங்கள் பொறுப்பு இல்லை" என்றுவிட்டார்கள். இரண்டு முறையும் காசு என் கையிலிருந்துதான் போனது.

சரி, குறையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது இந்தக் கிரில்லுக்குச் செய்கிற அநியாயம். பொருளாகப் பார்த்தால் இது அருமையான பொருள். பர்னர்கள் வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இத்தனை ஆண்டில் ஒரு துளை அடைத்துக்கொண்டதில்லை, ஒன்றும் வளையவில்லை. சிறு தீ வைத்தால் விளிம்பு முழுக்க ஒரே உயரத்தில் நீலமாக நிற்கும். மூடி இரட்டைச் சுவர், ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். உடம்பு 304 தர ஸ்டீல். இந்தத் தரத்தில் குரோமியத்தோடு 8 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கலும் உண்டு. மலிவான கிரில்களில் வரும் 430 தரத்தில் நிக்கல் கிடையாது, சீக்கிரம் துருப்புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்தால் 430 பட்டென்று பிடிக்கும். 304 பிடிக்காது, மடித்த ஓரங்களில் மட்டும் லேசாக இழுக்கும். கடைக்குப் போனால் முன்பலகையில் மட்டும் வைத்துப் பார்க்காமல் உள்சுவரிலும் எண்ணெய்த் தட்டிலும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும். கடலோரக் காற்று என்றால் 304-ம் தாங்காமல் புள்ளி விழலாம், மாலிப்டினம் கலந்த 316 கிடைத்தால் நல்லது.

பர்னர்கள் மணிக்கு எவ்வளவு சூடு தரும் என்பதைச் சொல்லும் பிடியு (BTU) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம் என்றும் நண்பரிடம் சொன்னேன். மணிக்கு 60,000 பிடியு என்பது ஏறத்தாழ 17.6 கிலோவாட். அந்தச் சூடு எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்று பார்க்காமல் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. சமைக்கும் பரப்பில் சதுர அங்குலத்துக்கு 80-லிருந்து 100 பிடியு இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் சிலிண்டர்தான் சீக்கிரம் தீரும். 60,000 பிடியுவில் முழுத் தீயில் எரிந்தால் மணிக்கு ஒன்றேகால் கிலோ எல்பிஜி போகும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அந்தப் பின்சுவர் இன்ஃப்ராரெட் பர்னர். நுண்துளை போட்ட பீங்கான் ஓடு, அதன் முகத்திலேயே கேஸ் எரிகிறது. பற்றிய சில நொடிகளில் சாம்பல் நிறம் மாறி ஓரத்திலிருந்து நடுவரை ஆரஞ்சாகப் பழுத்துவிடும். கம்பியில் இறைச்சியைக் கோத்து மோட்டாரில் சுழலவிட்டால் சூடு பின்னாலிருந்து பக்கவாட்டில் வருகிறது. கீழ்ப் பர்னர்கள் அணைந்தே இருக்கின்றன. கொழுப்பு சொட்டினால் நேரே தட்டில் விழும், தீயில் விழாது. திடீரென்று தீப்பிடித்து எழும்புவது, மேற்புறம் கருகி உள்ளே வேகாமல் போவது, கண்ணெரிச்சல் எதுவுமே கிடையாது. மேற்புறம் சீராகச் சிவந்து, உள்ளே சாறு வற்றாமல் வரும். சாதாரண பர்னரில் பக்கத்திலேயே நின்று தீயைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாலும் இந்தப் பக்குவம் வந்ததில்லை. இந்தப் பர்னரில் தெர்மோகப்பிள் பாதுகாப்பு (தீயின் சூட்டை உணர்ந்து, தீ அணைந்தால் கேஸை நிறுத்துவது) இருப்பதால் பற்றிய பிறகும் நாபைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், அது பெரிய தொல்லை இல்லை. ஓட்டில் தண்ணீர் மட்டும் படக்கூடாது. சூடாக இருக்கும்போது பட்டால் விரிசல் விடும். கழுவும்போது எனக்கு இன்னும் கை நடுங்கும்.

ஆனால் இந்தப் பர்னரும் காற்றிடம் தோற்கிறது. பின்காற்று அடிக்கிற மாலைகளில் தீ படபடவென்று துடித்து அணைந்துவிடும். உடனே பாதுகாப்பு வால்வு கேஸை நிறுத்திவிடும், நல்ல விஷயம். ஆனால் மறுபடி பற்றவைக்க வேண்டும், அதற்குள் மறுபடி காற்று. இவ்வளவு நல்ல பொருள் இப்படி வீணாவதைப் பார்க்கத்தான் வயிறெரிகிறது.

தீர்வே இல்லையா என்றால், பாதித் தீர்வு உண்டு. கிரில்லின் பின்னால் காற்றுத் தடுப்பு ஒன்று வைத்திருக்கிறேன். வளைத்த ஸ்டீல் தகடு, கிரில்லின் முழு அகலத்துக்கு. சூடு வெளியேறும் இடைவெளியை அது மூடிவிடக்கூடாது, கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். மூடி திறக்கும்போது பின்பக்கம் சாயுமே, அதற்கும் இடம் வேண்டும். மிதமான காற்றுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. பலமான காற்றில் தகட்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில் மூடியைத் திறந்து வைத்தே சமைக்கிறேன். திறந்திருந்தால் சூடு மேலே போய்விடும், நாபுக்கு ஆபத்தில்லை. ஆனால் மூடி சாத்தாமல் செய்ய முடியாத சமையலுக்குத்தானே இவ்வளவு கொடுத்து வாங்கினோம்? கல் சுவரே பின்னால் இருந்தால் இன்னும் நல்லது, கம்பெனி சொல்கிற இடைவெளியை விட்டு, தீப்பிடிக்காத பொருளில் கட்டியிருக்க வேண்டும்.

மேடை கட்டுகிறவர்கள் எல்பிஜி பற்றியும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாத எடை. கசிந்தால் மேலே போகாது, மேடையின் அடியில் போய்த் தேங்கும். அதனால் தரையை ஒட்டிக் காற்றுத் திறப்புகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தாக வேண்டும். குழாய் எரிவாயு காற்றைவிட லேசு, அதற்கு மேற்புறத்திலும் திறப்பு வேண்டும். அழகு கெடுகிறது என்று கொத்தனார் இந்தத் திறப்புகளை அடைத்துப் பூசிவிடப் பார்ப்பார். விடாதீர்கள். குழாய் எரிவாயுவில் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 1,000 பிடியு, எல்பிஜியில் இருக்கும் புரோபேனில் 2,500. அதனால் பர்னரின் கேஸ் துளையே வேறு அளவு, ஒன்றுக்கு வாங்கியதை அப்படியே மற்றதில் இணைக்க முடியாது. பற்றவைக்கும்போது மூடி எப்போதும் திறந்திருக்கட்டும். ஐந்து நொடியில் பற்றவில்லையென்றால் கேஸை நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்தே வைத்து, ஐந்து நிமிடம் காத்திருங்கள். இக்னைட்டர் பழுதாகும் கிரில்லில் இது வெறும் அறிவுரை இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

"அப்படியானால் இதைக் கழற்றிவிட்டு வேறு வைக்க வேண்டியதுதானே?" என்றும் நண்பர் கேட்டார். அதுவும் முடியாது. கல்லில் வெட்டும் திறப்புக்குப் பொதுவான அளவு கிடையாது. 36 அங்குலம் என்று விற்கிற இரண்டு கம்பெனிகளின் திறப்பு அளவு ஒன்றாக இருப்பதில்லை, அகலமும் ஆழமும் அங்கங்கே மாறும். மரச்சட்ட மேடை என்றால் கிரில்லைச் சுற்றி வெப்பத்தடுப்பு உறையும் வேண்டும், அதற்குத் திறப்பு இன்னும் பெரிதாக வேண்டும். இப்போது இருப்பதைவிடச் சிறிய கிரில் வந்தால் ஓரம் மூட வேண்டும், பெரியது வந்தால் கல்லை அறுக்க வேண்டும். பில்ட்-இன் வாங்குகிறவர் அந்தக் கம்பெனியையும் அந்த மாடலையும் சேர்த்தே கல்யாணம் செய்துகொள்கிறார். மாடலை நிறுத்திவிட்டால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதுதான். நண்பரே, விலை குறைந்திருக்கிறது என்று சொன்னீர்களே, எதனால் குறைந்தது என்றும் கேளுங்கள். மாடலை நிறுத்தப் போகிறார்கள் என்றால் அந்தத் தள்ளுபடியை உதிரிபாகத்தில் திருப்பி வாங்கிவிடுவார்கள்.

கணக்குப் போட்டால் நல்லதுதான் அதிகம் சொல்லியிருக்கிறேன், தெரிகிறது. நான் பயன்படுத்தியதிலேயே நன்றாகச் செய்த கிரில் இதுதான், அந்தப் பின்பர்னருக்காகவே இதை விட மாட்டேன். ஆனாலும் பின்னால் திறந்த இடம் உள்ள எவருக்கும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

நண்பருக்குக் கல் பதிக்க இன்னும் நேரம் இருக்கிறது. மேடை வரப்போகும் இடத்தில், கல் நிற்கும் உயரத்தில், ஒரு கம்பு நட்டுத் துணி நாடா ஒன்றைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். சில வாரம், சமைக்கிற நேரத்தில் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கட்டும். பின்னாலிருந்து தன்னை நோக்கிப் பறந்தால் கொத்தனாரிடம் சொல்லி மேடையைத் திருப்பட்டும், இல்லை பின்னால் சுவர் எழுப்பட்டும். இரண்டும் முடியாதென்றால் சக்கரம் வைத்த நல்ல கிரில் ஒன்றை வாங்கி, மேடையில் அதற்கு ஒரு இடம் விட்டுவிடட்டும்.